ஜெபித்து எழுந்து நடந்தவர்: டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறும் இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் விரும்பியபோது பல பெயர்கள் பேசப்பட்டன. எம்மை ஆளாக்கிய அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி வேறு பக்கங்களில் வேறு பழைய மாணவிகள் எழுதியிருக்கிறார்கள். நாம் தெரிந்தெடுத்தவர் எமது பாடசாலையோடு நேரடித் தொடர்பு இல்லாதவர். ஆனால் அவர் கட்டியெழுப்பிய இடத்தின் பெயர் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. இங்கே கைவிட்ட நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம் என்று அயலார் வேலியருகே நின்று கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வேலூர் வைத்தியசாலையை 1900 ஆம் ஆண்டில் ஒரேயொரு கட்டிலுடன் தொடங்கியவர் டொக்டர் ஐடா ஸோபியா ஸ்கடர் அம்மையார்.

அவரைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கஷ்டகாலம் வந்தால் கிறிஸ்தவர்களாகிய நாம் இரண்டு விதமாகப் பேசுவோம். ஜெபித்தால் போதும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது ஒரு பேச்சு. ஜெபித்துக்கொண்டிருந்தால் அடுப்பு எரியுமா என்பது மற்றப் பேச்சு. எமது தலைமுறை இரண்டையும் வேண்டிய அளவு கேட்டுவிட்டது. ஐடா அம்மையார் இவ்விரண்டு பேச்சுக்கும் செவிகொடுத்தவராகத் தெரியவில்லை. எருசலேமின் அலங்கத்தைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் ஆட்களைப் போல, ஜெபத்தையும் வேலையையும் ஒரே நாளில், ஒரே கைகளால் செய்தவர் அவர்.

ஸ்கடர் குடும்பத்தின் கதை எமது மண்ணிலேயே தொடங்குகிறது. ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்து வந்தவர். 1819 இல் மனைவி ஹரியற்றுடன் கப்பலேறி இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டிலிருந்து பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியமும் ஊழியமும் செய்தார். 1836 இல் சென்னைக்கு மாறிப்போகும்வரை இக்குடும்பத்தின் வாழ்வு யாழ்ப்பாணத்தோடு பின்னியிருந்தது. ஐடாவின் தகப்பனாரான இளைய ஜோன் ஸ்கடர் 1835 இல் பிறந்ததும் யாழ்ப்பாணத்திலேதான். பண்டத்தரிப்புச் சந்தியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய்வந்த எமக்கு இது நெடுநாளாகத் தெரியாதிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஐடா 1870 டிசம்பர் 9 ஆந் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண்பிள்ளை. ஆறு, ஏழு வயதில் தென்னிந்தியாவின் பெரும் பஞ்சத்தை அவர் கண்டார். மிஷன் வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாக வந்து இருந்த பிள்ளைகளுக்கு, தாங்களாகக் கையை உயர்த்தி உண்ணவும் வலுவற்றிருந்தவர்களுக்கு, பாணைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுக்கும் வேலை இந்தச் சிறுமிக்கு வாய்த்தது. அந்தக் காட்சி அவரை இந்தியாவை நேசிக்கச் செய்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது நேர்மாறு. இந்த நாட்டின் வெயிலும் வறுமையும் எனக்கு வேண்டாம் என்ற எண்ணமே அவரிடம் வளர்ந்தது. பின்னர் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டு, பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது தனித்து அழுத பிள்ளை அவர். நோர்த்பீல்டில் உள்ள பெண்கள் பாடசாலையில் படித்த காலத்தில், தாம் ஒருபோதும் மிஷனரியாகப் போவதில்லை என்று சிநேகிதிகளிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஒரு குடும்பத்தில் பிறந்ததனாலேயே அக்குடும்பத்தின் பாதையில் நடக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதை அவர் விரும்பவில்லை. அதில் பிழையொன்றும் எமக்குத் தெரியவில்லை.

1890 இல் தாயாருக்குக் கடும் சுகவீனம் என்று செய்தி வந்தது. சிலகாலம் மட்டும் துணையாயிருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்துடன் ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். அங்கேதான் அந்த இரவு.

அவர் தமது அறையில் இருந்தபோது வாசலில் ஒரு பிராமண இளைஞன் வந்து நின்றான். அவனுடைய மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வேதனை. மருத்துவச்சியால் இனி ஒன்றும் செய்ய முடியாது. வந்து உதவ வேண்டும் என்று கெஞ்சினான். தாம் வைத்தியம் படித்தவரல்ல, தகப்பனார்தான் வைத்தியர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. வேறோர் ஆண்மகன் மனைவியைப் பார்ப்பதிலும் அவள் சாவது மேல் என்று கூறிவிட்டு அவன் போய்விட்டான். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுமொழி. பின்னர் மூன்றாவதாக இன்னோர் உயர்குலத்து இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. முழங்காலில் நின்றார், அழுதார், ஜெபித்தார். விடிந்ததும் ஊரிலிருந்து சாவுப்பறை கேட்டது. விசாரித்துவர ஆளை அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை ஞாயிறு பாடசாலையிலும் மிஷனரிக் கதைப் புத்தகங்களிலும் நாம் பலர் கேட்டிருக்கிறோம். மூன்று தட்டல்கள், ஓர் அழைப்பு, ஒரு மாபெரும் வைத்தியசாலை என்று கதை விரைந்து போய்விடும். இம்முறை எழுதுவதற்காகத் திரும்பவும் வாசித்தபோது நாம் அந்த விடியலிலேயே நின்றுவிட்டோம். இரவு முழுவதும் செய்த ஜெபம் அந்த மூவரையும் காப்பாற்றவில்லை. அவர்களுடைய பெயர்களைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. வீட்டில் ஒருவருக்காக உருகி ஜெபித்தும் இழந்தவர்கள் எமது சங்கத்தில் எத்தனை பேர்! அந்தக் காலையில் ஐடாவுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஜெபித்தும் பயனில்லை என்று கசந்துபோய் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கலாம். அல்லது எல்லாம் தேவசித்தம் என்று ஆறுதல் சொல்லி, மறுநாள் வழக்கம்போல இருந்திருக்கலாம். அவர் தகப்பனாரிடமும் தாயாரிடமும் போய், தாம் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்துத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார். அந்தப் பெண்கள் செத்தது வைத்தியம் இல்லாததால் அல்ல. வைத்தியம் தெரிந்த ஒரு பெண் அங்கே இல்லாததால். ஜெபித்துக்கொண்டிருந்தவருடைய மனதிலே இந்த எளிய கணக்கு விழுந்ததுதான் அந்த ஜெபத்தின் பலன் என்று நாம் எண்ணுகிறோம்.

அதன்பின் வந்தவை அற்புதங்கள் அல்ல, பாடப்புத்தகங்கள். பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். பின்பு நியூயோர்க்கில் கோர்னெல் வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899 இல் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு பணமும் தேவையாயிருந்தது. வேலூரில் பெண்களுக்கான ஒரு வைத்தியசாலை கட்ட 8,000 டொலர் சேர்க்கும்படி மிஷனில் சொல்லியிருந்தார்கள். கதவு கதவாகத் தட்டினார், சிறுசிறு தொகைகளே வந்தன. கப்பலேறும் நாளும் நெருங்கிவிட்டது. ஒரு மாலை ஒரு சீமாட்டியிடம் வேலூரின் தேவையை அவர் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, அடுத்த அறையிலிருந்த அவருடைய மைத்துனர் ஷெல் என்னும் வங்கித் தலைவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையிறுக்கமானவர் என்று பெயரெடுத்த மனிதர். மறுநாள் ஐடாவை அழைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டு, காலஞ்சென்ற தம் மனைவி மேரி ரேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார். ஐடா இதை ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவே கண்டார். நாமும் அப்படியே காண்கிறோம். ஆனால் எத்தனையோ வீடுகளில் வெறுங்கையோடு திரும்பிய பிறகும் அந்த வீட்டின் கதவையும் அவர் தட்டியிருந்தபடியாலேதான் அடுத்த அறையில் இருந்தவருக்கு அது கேட்டது.

1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிநேகிதி அனி ஹன்கொக்குடன் இந்தியா வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் சிலகாலம் தொழில் பழகலாம் என்று நம்பியிருந்தார். சில மாதங்களுக்குள் தகப்பனார் காலமானார். படித்துவந்த கையோடு, அனுபவமுள்ள எவரும் பக்கத்தில் இல்லாமல், அந்நிய வைத்தியத்தை நம்பாத ஓர் ஊரில் முப்பது வயதும் நிறையாத பெண் தனித்து நின்றார். துக்கத்தில் இருந்த தாயாரும் அவருடைய பொறுப்பு. அந்தத் தாயார்தான், 1890 இல் சாகக் கிடந்தவர், அதன்பின் கால் நூற்றாண்டு மகளுடன் இருந்து வீட்டையும் வருகிறவர் போகிறவரையும் பார்த்து, 1925 இல் கண்மூடினார்.

வைத்தியசாலை எழும்பும்வரை காத்திருக்கவில்லை. மிஷன் வீட்டின் ஒரு சிறு அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, யன்னலில் வைத்து மருந்து கொடுத்தார். முதலில் தயங்கிய பெண்கள், ஒருத்தி சுகமாகிப் போனதைக் கண்டு மற்றவளாக வரத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் அங்கே பார்க்கப்பட்ட நோயாளர் தொகை 5,000. மேரி ரேபர் ஷெல் வைத்தியசாலை 40 கட்டில்களுடன் 1902 இல் திறக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியோடு ஜெபிப்பது அங்கே வழக்கமாயிற்று. கத்தியைக் கொதிநீரில் இடுவதும் அதே ஒழுங்கோடு நடந்தது.

வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களை அவர் தேடிப் போனார். மாட்டுவண்டியில் தொடங்கிய இந்தப் பயணங்கள் 1909 இல் ஒரு பெஜோ மோட்டார்க் காரில் ஏறின. அந்தக் காரைக் கண்டு பேய் வருகிறதென்று கிராமத்தவர் வயலுக்குள் ஓடினார்களாம். போகப்போக, குடியாத்தம் போகும் வீதியில் குறித்த மரநிழல்களில் வாரந்தோறும் நோயாளர் காத்திருந்தார்கள். குருடரும் குஷ்டரோகிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் அங்கே வரிசையில் இருந்தார்கள். வேலூரின் வீதியோர வைத்தியம் என்று பின்னாளில் பேரெடுத்தது இதுதான்.

எனினும் எத்தனை பேரை அவர் ஒருவரால் பார்க்க முடியும்? இந்தக் கேள்விதான் அவரை ஆசிரியையாக்கியது. முதலில் தாதியர் பயிற்சி. பின்னர் இந்தியப் பெண்களையே வைத்தியராக்க ஒரு கலாசாலை. சென்னை மாகாண வைத்தியத் துறைக்குத் தலைவராயிருந்த கேணல் பிரைசனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெண்கள் வரவே மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். ஆறு பேராவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று மட்டும் இடங்கொடுத்தார். எதிர்பார்த்ததிலும் எத்தனையோ மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 1918 ஓகஸ்டில், ஐரோப்பாவில் யுத்தம் முடியாதிருந்த வேளையில், ஆளுநர் பென்ட்லன்ட் பிரபு கலாசாலையைத் திறந்துவைத்தார். கையில் இருந்தவை சில புத்தகங்கள், ஒரு நுணுக்குக்காட்டி, ஓர் எலும்புக்கூடு. ஐடாவே பெரும்பகுதி பாடங்களைப் படிப்பித்தார்.

ஆண்டிறுதியில் மாகாணப் பரீட்சை. ஆண்கள் படித்த கலாசாலைகளிலேயே பெரும்பாலானோர் தவறிவிடும் பரீட்சை அது. ஆகவே ஒருத்தியும் சித்தியடையாவிட்டாலும் மனமுடைய வேண்டாம் என்று பிரைசன் முன்கூட்டியே ஐடாவுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். வேலூர் மாணவிகள் 14 பேரும் சித்தியடைந்தார்கள். அவர்களே 1922 இல் வைத்தியர்களாக வெளியேறிய முதல் அணியினர். பரீட்சைக்கு முன் அந்த மாணவிகளோடு ஐடா ஜெபித்திருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த எலும்புக்கூட்டின் எலும்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெயர் கேட்டும் இருப்பார்.

இதை எழுதும்போது எமக்கு வேறொரு காட்சி குறுக்கே வருகிறது. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த எமது சகோதரிகள். 1995 இடப்பெயர்வில் உடுப்புக்குப் பதில் குறிப்புக் கொப்பிகளைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களும் அவர்களில் உண்டு. நாம் போய்த் தங்கிய இடங்களில் மாலை ஜெபம் முடிந்ததும் பாய்களைச் சுருட்டி ஒதுக்கி அதே தரையில் வகுப்பு நடந்தது. அந்நாட்களில் வேலூரின் முதல் மாணவிகளைப் பற்றி யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஐடா அம்மையாருக்கு ஆகக் கடினமான காலம் முதுமையில்தான் வந்தது. 1930 களின் பிற்பகுதியில், எல்.எம்.பி. என்ற வைத்திய டிப்ளோமாவை ஒழித்து, வைத்தியராவோர் யாவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெற வேண்டும் என்று சென்னை மாகாண அரசு தீர்மானித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் வேலூரில் நடந்தது டிப்ளோமா வகுப்பு. பட்ட வகுப்பு நடத்த வேண்டுமானால் கூடுதல் கட்டில்கள், ஆய்வுகூடங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். அதற்கான பணம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. புதிய மாணவிகளைச் சேர்ப்பது நின்றது. இருபது ஆண்டு உழைப்பு மூடப்படும் நிலை. அம்மையாருக்கு அப்போது அறுபத்தேழு, அறுபத்தெட்டு வயது. எமது ஊரில் அந்த வயதில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலில் இருப்போம்.

அவர் ஜெபித்தார். கல்லூரிக்கு அண்மையில் உள்ள குன்றில் ஏறித் தனித்திருந்து ஜெபிப்பது அவருடைய பழக்கம். இறங்கி வந்து வேலையைப் பார்த்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மீண்டும் அமெரிக்கா சென்று, எழுபது வயதைக் கடந்தவர், ஊர் ஊராகப் பிரயாணம் செய்து சபைகளிலும் மாதர் சங்கங்களிலும் பேசிப் பணம் சேர்த்தார். 1942 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்துடன் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று.

ஆனால் பணத்திலும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பெண்களுக்கென்று மட்டும் ஒரு கல்லூரியை அந்தத் தரத்தில் நடத்துவதற்குப் பெண்கள் சபைகளின் உதவி மட்டும் போதாது; ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக்கினால் பல மிஷன்கள் கைகொடுக்கும் என்ற யோசனை வந்தது. திண்டிவனத்து மூன்று பெண்களுக்காகத் தொடங்கிய வேலை. அந்தக் கல்லூரியின் கட்டடங்களுக்காக அமெரிக்கா எங்கும் பணம் சேர்த்துக் கொடுத்த லூசி பீபொடி அம்மையார் இந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பணம் என்பது அவருடைய வாதம். பெண்கள் பாடசாலையொன்றின் பழைய மாணவிகளாகிய எமக்கு அந்த வாதத்தின் நியாயம் நன்றாகவே விளங்குகிறது. ஐடாவும் இலகுவில் இணங்கவில்லை. பலகாலம் மனதோடு போராடி, பின் ஆண்களைச் சேர்ப்பதே வழி என்று முடிவு செய்தார். அந்த முடிவு நெடுநாள் நட்பொன்றைப் பலிகொண்டது. ஜெபித்து எடுத்த முடிவு என்றால் மனநோவு இல்லாத முடிவு என்று நினைப்போருக்கு இந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். 1947 இல் முதலாவது ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர் முடிவெடுத்தது சரியா பிழையா என்று எம்மிடையே இன்றும் இரண்டு கருத்து உண்டு. கல்லூரி மூடப்படாதிருந்தது என்பது மட்டும் உண்மை.

1946 இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் விரைவிலேயே டொக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி வேலூருக்குத் தலைமை ஏற்றார். பெரியவர்கள் சிலர் பதவியை விட்டும் விடாமல் வாசலில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஐடா அம்மையாரோ பெரும்பாலும் கொடைக்கானலில் தமது வீட்டில் தங்கி, பூந்தோட்டம் வளர்த்தார். எண்பது வயது தாண்டியும் டெனிஸ் விளையாடினார். வலைப்பந்து விட்டு வருடக்கணக்காகிறது என்று சொல்லிக்கொள்ளும் எம்மில் பலருக்கு இது கொஞ்சம் குத்தும்.

வெறுமனே டொக்டர் ஐடா, இந்தியா என்று விலாசம் எழுதிய ஒரு கடிதம் தவறாமல் அவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பார்கள். 1960 மே 24 ஆந் திகதி, தமது எண்பத்தொன்பதாவது வயதில், கொடைக்கானலில் காலமானார்.

ஷெல் கொடுத்த பணத்தில் எழுந்த அந்தப் பழைய 40 கட்டில் வைத்தியசாலை இப்போது அதே பெயரில் கண் வைத்தியசாலையாக நடக்கிறது. வேலூரின் பெரிய வைத்தியசாலைக்குப் போகும் எம்மவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. நாளை நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ அங்கே போக நேர்ந்தால், பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்கும் ஒரு பகல்பொழுதில் ஓட்டோ ஒன்று பிடித்து ஷெல் வைத்தியசாலைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.